தொட்டிலும் திரையும் தெருவும்

பழந்தமிழ் ஏடுகள் தகடூர் என்று போற்றும் ஊரே இன்றைய தருமபுரி. அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, உண்டாரை நெடுநாள் வாழவைக்கும் என்று நம்பப்பட்ட அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான் என்பது தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் பள்ளியில் கற்கும் செய்தி. வள்ளன்மைக்குச் சான்றாகவே இது எடுத்துரைக்கப்படுகிறது. ஆயினும் இதில் வேறொரு பொருளும் உண்டு. நீண்ட ஆயுள் என்னும் பெருஞ்செல்வம் ஓர் ஆண்மகனின் கையிலிருந்து ஒரு பெண்மணியின் கைக்கு மாறிய மண் அது. அதே மண், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், பிறந்த பெண்மகவுக்கு ஒரு வார ஆயுளையும் மறுக்கும் மண் என்று நாடெங்கும் பேசப்பட்டது. ஈந்த கை எப்போது பறிக்கும் கையாயிற்று? ஏன் ஆயிற்று?

இக்கேள்விக்கு விடை தேட முயன்றவை பல. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று, அரசு வைத்த தொட்டில். மற்றொன்று, திரைப்படக் கலைஞர் ஒருவர் எடுத்த படம். மூன்றாவது, தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களின் தெருக்களில் நடிக்கப்பட்ட நாடகம். இலக்கிய ஏட்டில் அரசுத் திட்டத்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். அரசுத் திட்டமும் ஒருவகையில் கதைதான். அதிலும் மாந்தர் உண்டு. குற்றவாளி யார், காப்பவர் யார் என்ற தீர்ப்பு உண்டு. யார் பேச வேண்டும், யார் வாய்மூடி நிற்க வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. கதையைத் திறனாயும் முறையிலேயே திட்டத்தையும் திறனாய்ந்தால் அதன் உள்ளம் தெரிந்துவிடும்.

பதிவேட்டின் மொழி

பெண்சிசுக் கொலை என்னும் கொடுமை தமிழகத்தில் நடைபெறுவதை 1980களின் நடுவில்தான் வெளியுலகம் அறிந்தது. மதுரை மாவட்டத்து உசிலம்பட்டி வட்டாரத்தைப் பற்றி 1986ல் 'இந்தியா டுடே' இதழ் அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. அதன் பின்னர் நெடுநாள் வரை, இது ஏதோ ஒரு வட்டாரத்தின், ஏதோ ஒரு சமூகத்தின் தனிப் பழக்கம் என்றே மற்றையோர் எண்ணி நிம்மதியுற்றனர். அந்த நிம்மதியைக் குலைத்தவர்கள் சீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா என்னும் இருவர். முன்னவர் ஆட்சிப் பணியாளர். பின்னவர் பொருளியல் பேராசிரியர். ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 1997ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, மதுரையில் தொடங்கித் திண்டுக்கல், சேலம், தருமபுரி வழியே வட ஆர்க்காடு வரை இக்கொடுமை பரவிக் கிடந்ததைக் காட்டிற்று.

அப்பதிவேடுகளில் இத்தகைய மரணங்கள் எவ்வாறு குறிக்கப்பட்டன என்பது மொழியில் அக்கறையுடையோர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. 'கொலை' என்ற சொல் அங்கு இல்லை. 'சமூகக் காரணங்களால் மரணம்' என்றே எழுதப்பட்டது. எழுதியவர் கிராம சுகாதாரச் செவிலியர். அதே ஊரில் குடியிருப்பவர்; அடுத்த பேறுகாலத்துக்கும் அதே வீட்டுப் படியை மிதிக்க வேண்டியவர். கொலை என்று எழுதினால் காவல்துறை வரும், சிறை செல்பவள் பெரும்பாலும் பச்சை உடம்புக்காரியான தாயாகவே இருப்பாள் என்பதை அவர் அறிவார். ஆகவே சொல்லை மாற்றினார். அச்சத்தால் பிறந்த சொற்றொடர் அது. எனினும், அறிந்தோ அறியாமலோ, உண்மை அதனுள் புகுந்துகொண்டது. ஒரு குழந்தையின் சாவுக்குக் காரணம் அதன் தாய் அல்லள், தந்தையும் மட்டும் அல்லன், சமூகமே என்று அந்தப் பதிவேடு எழுதிவிட்டது. நம் எழுத்தாளர் பலர் பக்கம் பக்கமாக எழுதியும் எட்டாத தீர்ப்பு இது.

இருவகை வறுமை

அச்சமூகக் காரணம் யாது? வறுமை என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுவது எளிது. தருமபுரி வறண்ட நிலம் என்பதும் மெய்யே. 1965ல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2004ல் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தபின் எஞ்சி நிற்கும் இம்மாவட்டத்தில் காவிரி ஒகேனக்கல்லில் ஆர்ப்பரித்து விழுகிறது. ஆயினும் அந்த நீர் பள்ளத்தில் ஓடுகிறது. ஊர்களோ மேட்டில் நிற்கின்றன. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் மானாவாரியில் விளையும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்து, பிள்ளைகளின் பல்லைக் கறைப்படுத்திப் பெரியோரின் எலும்பை வளைத்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் செயற்பாட்டுக்கு வரும்வரை, பல ஊர்களில் குடிநீர் என்பதே நஞ்சு கலந்த நீராக இருந்தது. மழை பொய்த்தால் குடும்பங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்குப் பின்னலாடை வேலைக்கும் பெயர்கின்றன. சித்தேரி மலையின் பழங்குடி ஆடவர் ஆந்திரக் காடுகளுக்குக் கூலிக்குச் சென்றனர். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழர் இருபது பேருள் அம்மலையினரும் இருந்தனர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று அவர்களைப் பற்றிச் செய்தி வந்தது. அவர்கள் விட்டுச் சென்ற பிள்ளைகள் எத்தனைபேர் என்பதைப் பற்றி அவ்வளவாகச் செய்தி வரவில்லை.

இத்தனையும் உண்மையாயினும், பெண்மகவைக் கொன்ற வீடுகள் அனைத்தும் கஞ்சிக்கு வழியற்ற வீடுகள் அல்ல. நிலமும் கிணறும் உடைய வீடுகளிலும் அது நடந்தது. முதற் பெண் பெரும்பாலும் வாழவிடப்பட்டாள். இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் பிறந்த பெண்ணுக்கே ஆபத்து மிகுதி என்பதை ஆய்வாளர்கள் கண்டனர். பசி மட்டுமே காரணமாயின் முதற் பெண்ணுக்கும் மூன்றாம் பெண்ணுக்கும் வேற்றுமை என்ன?

இவ்விடத்தில் நம் இறைமறை காட்டும் நுட்பமொன்று நினைவுக்கு வருகிறது. வறுமையின் பொருட்டுப் பிள்ளைகளைக் கொல்லலாகாது என்னும் தடை திருக்குர்ஆனில் ஆறாம் அத்தியாயத்திலும் பதினேழாம் அத்தியாயத்திலும் வருகிறது. ஓரிடத்தில் சுட்டப்படுவது இப்போதே வீட்டில் குடியிருக்கும் வறுமை. மற்றோரிடத்தில் சுட்டப்படுவது இனி வரக்கூடும் என்று அஞ்சப்படும் வறுமை. முன்னதில், பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் உணவளிப்பவன் இறைவன் என்று பெற்றோர் முதலிற் கூறப்படுகின்றனர். பின்னதில் பிள்ளைகள் முதலிற் கூறப்படுகின்றனர். இன்று பசித்திருப்பவன் பெற்றோன். ஆகவே அவனுக்கு முதலில் ஆறுதல். நாளைய செலவென்று அஞ்சப்படுபவள் மகள். ஆகவே அவளுடைய உணவுக்கு முதலில் உறுதி. விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டியுள்ள இந்த வேற்றுமையைக் கைவிளக்காகக் கொண்டு தருமபுரியைப் பார்த்தால் பல தெளிவாகின்றன. அங்கும் இருவகை வறுமைகள் இருந்தன. ஒன்று நிலம் தந்த வறுமை. மற்றொன்று, மகளின் திருமணத்தை எண்ணி இன்றே நடுங்கும் அச்ச வறுமை.

இரண்டாவது அச்சம் பழையதும் அன்று. அவ்வட்டாரத்தின் பல சமூகங்களில் மாப்பிள்ளை வீட்டார் பெண்வீட்டுக்குப் பரிசம் கொடுத்துப் பெண்கொள்வதே முன்னாளைய வழக்கம். பம்புசெட்டும் பணப்பயிரும் மாதச் சம்பளமும் வந்தபின், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வழக்கம் தலைகீழாயிற்று. கொடுத்தவர் கேட்பவராயினர். பெண்ணுக்கு விலை தந்த காலத்தில் பெண் வாழ்ந்தாள். பெண்ணோடு விலையும் தர வேண்டிய காலம் வந்தபோது அவள் சுமையானாள். வளர்ச்சி வந்தால் இத்தீமை தானே அகலும் என்பார்க்கு இது தக்க மறுமொழி. தருமபுரியில் பணம் வந்த பாதையிலேயே பயமும் வந்தது.

தொட்டில்

1992ல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2001ல் அது தருமபுரி உள்ளிட்ட பிற மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பெண்மகவு வேண்டாம் எனக் கருதுவோர் கொல்லாமல், அரசு மருத்துவமனையிலும் சுகாதார நிலையத்திலும் வைக்கப்பட்டுள்ள தொட்டிலில் இட்டுச் செல்லலாம், பெயர் கேட்கப்படாது, வழக்கு வராது, அரசு வளர்க்கும், தத்துக் கொடுக்கும். ஆண்டுகள் பலவற்றில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இத்தொட்டில்கள் வழியாக உயிர் பிழைத்தன. ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்னும் உயர்ந்த அளவுகோலை உடைய நாம், இச்செயலைச் சிறிதென்று கூற இயலாது, கூறவும் மாட்டோம்.

ஆனால் இத்திட்டத்தைக் கதையாகக் கொண்டு படித்தால் அதன் குறை புலனாகிறது. கதையில் அரசு இருக்கிறது, குழந்தை இருக்கிறது, வளர்க்கப்போகும் புதிய பெற்றோர் இருக்கின்றனர். தாய் எங்கே? இருட்டில் வந்து, முகத்தை மறைத்து, தொட்டிலில் இட்டுவிட்டு ஓடுவதே அவளுக்குத் தரப்பட்ட ஒரே காட்சி. தமிழில் தொட்டில் என்றாலே ஆட்டும் கையும் தாலாட்டும் குரலும் உடன்வரும். கை இல்லாத, குரல் இல்லாத தொட்டில் இது. 'உன் பிள்ளையை நாங்கள் வளர்ப்போம்' என்று அவளிடம் கூறிய அரசு, 'உன் பிள்ளையை நீயே வளர்க்க உனக்கு என்ன வேண்டும்?' என்று அத்தொட்டிலின் அருகில் நின்று கேட்கவில்லை. மேலும், பெண்மகவைக் கைவிடுதல் இயல்பானதே, முறையாகக் கைவிட்டால் போதும் என்னும் பொருளையும் அத்தொட்டில் ஊருக்கு உரைத்துவிடக் கூடும் என்று அந்நாளிலேயே கண்டித்தோர் உண்டு. கண்டனம் நியாயமானதே. குழந்தையின் உயிர் காக்கப்பட்டது; குழந்தையைச் சாவின் விளிம்புக்குத் தள்ளிய அச்சம் வீட்டிலேயே நலமாக இருந்தது.

அதே ஆண்டில் வந்த பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் தாயை நோக்கிச் சற்றே திரும்பிற்று. ஆண்மகவு இல்லாத வறிய குடும்பத்தில், பெற்றோருள் ஒருவர் கருத்தடை செய்துகொண்டால், பெண்ணின் பெயரில் அரசு வைப்புத்தொகை போடும். 2011ல் இத்தொகை ஒரே பெண்ணாயின் 50,000 ரூபாய் என்றும், இரு பெண்களாயின் ஆளுக்கு 25,000 ரூபாய் என்றும் உயர்த்தப்பட்டது. நல்லதே. எனினும் அத்தொகை கைக்கு வரும் வயது 18. நம் ஊர்களில் பதினெட்டு வயதுப் பெண்ணின் கையில் மொத்தமாக ஒரு தொகை வந்தால் அது எங்கே போகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. எந்த அச்சத்தை ஒழிக்க வந்ததோ, அந்த அச்சத்துக்கே அத்தொகை இரையாகும் அபாயம் அதனுள்ளேயே இருந்தது.

திரை

தொட்டில் தொடங்கி இரண்டு ஆண்டுகள் கழித்து, 1994ல், பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வெளிவந்தது. குடும்பநலம் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. களம் தருமபுரியன்று, தென்பாண்டி மண். ஆயினும் பெண்சிசுக் கொலை என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழும் காட்சிகளை எழுதிவைத்தது அப்படமே. ஆதலின் தருமபுரியைப் பற்றிப் பேசும்போதும் அதனை விலக்க இயலாது.

மேலும் ஒரு பெண் பிறந்ததென அறிந்த ஏழைத் தகப்பன் அதைக் கொன்றுவிடப் பணிக்கிறான். பள்ளி ஆசிரியர் ஒருவர் குழந்தையைக் காத்து, வேற்றூரில் வளர்க்கிறார். அக்குழந்தை மருத்துவராகி, தன் பிறப்பறியாது அதே ஊருக்கு வருகிறாள். தகப்பனாக நடித்த பெரியார்தாசனின் முகத்தில் கொடுமையோடு இயலாமையும் கலந்திருந்ததை மறக்க முடியாது. தகப்பனை அரக்கனாக்கிவிட்டு ஒதுங்காமல், அவன் தோளில் ஏறியிருந்த சுமையையும் காட்டியது படத்தின் சிறப்பு.

ஆனால் கதையின் எலும்புக்கூட்டைப் பாருங்கள். அது தொட்டிலின் எலும்புக்கூடேயாம். ஊருக்கு வெளியிலிருந்து ஒரு கை வருகிறது. குழந்தையை எடுத்துச் செல்கிறது. வெளியூரில் அது வாழ்வு பெறுகிறது. அவ்வூரிலேயே அவள் வாழ்ந்திருக்க முடியும் என்று கதை நம்பவில்லை. மேலும், கொல்லப்பட இருந்தவள் ஏன் வாழ்ந்திருக்க வேண்டும் என்பதற்கு, அவள் மருத்துவரானாள் என்பதைச் சான்றாகத் தருகிறது. மருத்துவராகாத பெண்ணுக்கு வாழும் உரிமை இல்லையா? களை பறித்துக் கூலி வாங்கும் சாதாரணப் பெண்ணாக அவள் வளர்ந்திருந்தால் அக்கொலை சற்றே பொறுக்கத்தக்கதாகிவிடுமா? பிறந்தது என்பதே வாழ்வதற்குப் போதிய காரணம். வேறு தகுதிச் சான்று கேட்கத் தொடங்கினால், நாமும் அந்தத் தகப்பனின் தராசையே கையில் எடுத்துக்கொண்டவராவோம்.

இதற்கு மறுமொழியும் அப்படத்தின் பெயரிலேயே இருக்கிறது என்பது வியப்பு. மருத்துவரான மகளின் பெயரைப் படம் தாங்கவில்லை. ஊரிலேயே தங்கி, தகப்பன் வீட்டிலேயே உழைத்துத் தேய்ந்த மற்றொரு மகளின் பெயரையே தாங்கிற்று. இயக்குநரின் அறிவு ஆசிரியரின் கையைப் பின்தொடர்ந்து வெளியூருக்குப் போனது. அவருடைய நெஞ்சு கருத்தம்மாவோடு ஊரிலேயே நின்றுவிட்டது. அந்த நெஞ்சு சொன்ன வழியில் கதை சென்றிருந்தால் இன்னும் பெரிய படைப்பாகியிருக்கும்.

தெரு

மூன்றாவது முயற்சியைப் பற்றித் தமிழர் பலர் கேள்விப்பட்டதும் இல்லை. 1990களின் இறுதியில், டென்மார்க் நாட்டு உதவியுடன் நடந்த தமிழக அரசின் சுகாதாரத் திட்டத்தின் பகுதியாக, தருமபுரி மாவட்டத்தில் கலைப்பயணம் ஒன்று நடைபெற்றது. பயிற்சி பெற்ற கலைக்குழுவினர் ஊர் ஊராகச் சென்று, பெண்மகவின் உயிரையும் பெண்ணின் நிலையையும் பற்றிப் பாட்டாகவும் நாடகமாகவும் தெருவில் நடித்தனர். மேடை இல்லை, சீட்டு இல்லை, ஒளிவிளக்குகளின் ஆரவாரம் இல்லை. பல நூறு ஊர்களில் மக்கள் மண்ணில் அமர்ந்து பார்த்தனர். அதன்பின் வந்த ஆண்டுகளில் அம்மாவட்டத்தில் பெண்சிசு மரணங்கள் குறைந்ததைப் பதிவேடுகள் காட்டின. செவிலியரின் கண்காணிப்பும், காவல்துறையின் வழக்குகளும், மகளிர் குழுக்களும் உடன் இருந்தன. ஆதலின் நாடகமே எல்லாவற்றையும் செய்தது என்று கூறுதல் மிகையாகும். எனினும் அது செய்த வேலையை வேறெதுவும் செய்திருக்க முடியாது.

அது யாது? பதிவேட்டில் 'சமூகக் காரணங்கள்' என்று மறைந்து கிடந்ததை, அச்சமூகத்தின் முன்னிலையிலேயே, அதன் பேச்சிலேயே உரக்கச் சொன்னது. மாமியாரும் மருமகளும், மாமனாரும் மகனும் ஒரே கூட்டத்தில் அமர்ந்து ஒன்றாகக் கேட்டனர். திரையரங்கின் இருட்டில் அழுதுவிட்டு வெளியே வந்தவுடன் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். தெருவில் அது இயலாது. அருகில் இருப்பவர் அடுத்த வீட்டுக்காரர். தனித்தனி வீட்டின் மறைபொருளாக இருந்தது, ஊரின் பொதுப்பொருளாயிற்று. தொட்டில் குழந்தையை ஊரிலிருந்து வெளியே எடுத்துச் சென்றது. படமும் அவ்வாறே செய்தது. தெருநாடகமோ ஊரைக் குழந்தையின் முன்னே கொண்டுவந்து நிறுத்தியது. கலைநயத்தில் அதனைக் 'கருத்தம்மா'வோடு ஒப்பிடலாகாது. பயன்நயத்திலோ மூன்றனுள் முதலிடம் அதற்கே உரியது என்பது என் துணிபு.

எண்களும் அவற்றின் எச்சரிக்கையும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 87,777. பெண் குழந்தைகள் 80,163. ஆயிரம் ஆணுக்கு 913 பெண். 2001ல் இவ்விகிதம் 850க்கும் கீழே கிடந்தது என்பதை நினைத்தால், பத்தாண்டில் ஏற்பட்ட ஏற்றம் பெரிது. ஆனால் கணக்கை இன்னும் ஒரு படி நடத்திப் பார்ப்போம். இயற்கையிலேயே ஆண் பிறப்பு சற்று மிகுதி. ஆயிரத்துக்கு 950 அளவில் பெண் இருப்பதே இயல்பெனக் கொள்வர். அவ்வாறாயின், இருந்திருக்க வேண்டிய பெண் குழந்தைகளுள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வயதுக் கணக்கில் இல்லை. 1990ல் பேராசிரியர் அமர்த்தியா சென், உலகில் பத்துக்கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் காணாமற் போயினர் என்று எழுதியபோது மலைத்தோம். அப்பத்துக்கோடி என்பது இத்தகைய மூவாயிரங்களின் கூட்டுத்தொகையே.

கள்ளிப்பாலின் இடத்தை ஸ்கேன் இயந்திரம் பிடித்துக்கொண்டதும் இதற்கொரு காரணம். கருவின் பாலினத்தைக் கண்டறிதலையும் கூறுதலையும் தடைசெய்யும் சட்டம் 1994ல் இயற்றப்பட்டு 1996ல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் 2022ல், தருமபுரியில் இயந்திரத்தை மறைவாக வைத்துப் பாலினம் கூறிவந்த ஒரு கும்பல் பிடிபட்டது. குழந்தையைக் கொன்ற காலத்தில் செவிலியரின் பதிவேட்டில் ஒரு வரியாவது எழுந்தது. கருவில் அழிப்பதற்கு அந்த ஒரு வரியும் இல்லை.

பிறக்கும் குழந்தையும் தாயின் உடலிலிருந்தே தன் வலிமையைப் பெற வேண்டும். 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாள்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் இறந்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை எடை குறைந்து பிறந்தவை என்று மருத்துவத் துறை விளக்கிற்று. விளக்கத்தை ஏற்போம், ஆனால் அங்கேயே நின்றுவிடலாகாது. எடை குறைந்த மகவைப் பெறுபவள் யார்? உடலில் குருதி குறைந்தவள். வளரும் பருவம் முடியுமுன் மணமேடை ஏறியவள். கடைசியாக உண்பவள். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் 32 மாவட்டங்களுள் எழுத்தறிவில் கடைசியாக நின்றது, 68.5 விழுக்காட்டுடன், தருமபுரியே. பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட சிறுமி, இளவயதில் மனைவியாகி, மெலிந்த குழந்தையைப் பெறுகிறாள். மருத்துவமனையில் முடியும் கதை, பள்ளி வாசலில் தொடங்கிவிடுகிறது.

ஆகவேதான் அண்மை ஆண்டுகளின் இரண்டொரு மாற்றங்கள் நம்பிக்கை தருகின்றன. திருமண உதவியாகப் பணமும், 2011 முதல் தாலிக்குத் தங்கமும் வழங்கிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திட்டம், 2022ல் புதுமைப் பெண் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண் உயர்கல்வி பயிலும் காலத்தில் மாதந்தோறும் 1,000 ரூபாய் அவள் கணக்கில் சேரும் என்பது ஏற்பாடு. மணமேடையில் தரப்பட்ட தங்கம், வகுப்பறையில் தரப்படும் உதவியாயிற்று. கொடுக்கப்படும் பொருள் மட்டுமன்று, கொடுக்கப்படும் இடமும் மாறிற்று. அதுபோன்றே, குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாம்கள் 2023 ஜூலையில் தருமபுரி மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டன. தொட்டிலின் அருகில் கேட்கப்படாத கேள்வி, முப்பது ஆண்டு கழித்து, தாயிடம் கேட்கப்படத் தொடங்கியிருக்கிறது என்று இதனைக் கொள்ளலாம்.

மாற்றம் இயலுமா என்று ஐயுறுவோர் தென்கொரியாவைப் பார்க்கலாம். 1990ல் அங்கு நூறு பெண் பிறப்புக்கு நூற்றுப் பதினாறு அளவில் ஆண் பிறப்பு இருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அது இயல்பு நிலைக்குத் திரும்பியது. பெண்கள் கற்றனர், ஊதியம் ஈட்டினர். ஆணையே குடும்பத் தலைவனாக்கிய பழைய குடும்பச் சட்டமும் ஒழிக்கப்பட்டது. அம்மக்கள் பிள்ளைகளின்பால் புதிதாக அன்பு கொண்டனர் என்பதன்று. மகளைப் பற்றிய அச்சம் ஒழிந்தது. அச்சம் ஒழிந்தவுடன், முன்பே இருந்த அன்பு வெளிப்பட்டது.

நம் தப்தர்

இதுவரை படித்த அன்பர்கள், 'இது நம்மிடம் இல்லாத தீமை; பெண்மகவைப் புதைத்த அரபியரைத் திருத்திய மார்க்கம் நம்முடையது' என்று எண்ணி மகிழ்ந்திருக்கலாம். மகிழ்ச்சிக்கு இடம் உண்டு. ஆனால் உசிலம்பட்டியைப் பற்றிக் கேட்டபோது மற்ற மாவட்டத்தார் கொண்ட நிம்மதியும் இத்தகையதே என்பதை மறக்கலாகாது. கொலை நம்மிடம் இல்லாதிருக்கலாம். கொலைக்குக் காரணமான அந்த அச்சம் நம்மிடம் இல்லையா? மூன்றாவதாகப் பெண் பிறந்த வீட்டில், 'அல்ஹம்து லில்லாஹ்' என்று வாய் கூறும்போதே பெருமூச்சு விடும் தகப்பனாரை நாம் கண்டதில்லையா? வளைகுடா நாட்டு வெயிலில் இளமையைத் தொலைத்து, தங்கைமார் மூவரைக் கரையேற்றிய பின்னரே தனக்கென மணம்பேசும் அண்ணன்மார் எத்தனை பேர்! அவர்கள் கரையேற்றியது எந்தக் கடலிலிருந்து? நாமே வெட்டிய கடல் அல்லவா அது?

தருமபுரிச் சமூகங்களில் பரிசம் தலைகீழாயிற்று என்று மேலே கண்டோம். நம்மிடம் மஹர் தலைகீழாகவில்லையா? மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய மஹரைச் சிறு தொகையாகச் சுருக்கி, மணமகளின் வீட்டிலிருந்து கைக்கூலியையும் சீரையும் பெருந்தொகையாக வாங்குகிறோம். ஈய வேண்டிய கை ஏந்தும் கையாயிற்று. வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. இறைச் சட்டமோ பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. இரண்டையும் ஒருசேர மீறும் வீட்டில்தான் நாம் வயிறார உண்டு, மணமக்களுக்கு துஆச் செய்து திரும்புகிறோம்.

நிக்காஹ் தப்தரைத் திறந்து பாருங்கள். மஹர் இவ்வளவு என்று அழகிய எழுத்தில் இருக்கும். சாட்சிகளின் ஒப்பம் இருக்கும். கைமாறிய கைக்கூலி எவ்வளவு என்ற வரி இராது. தருமபுரிச் செவிலியராவது 'சமூகக் காரணங்கள்' என்று ஒரு சொல் எழுதிவைத்தார். நம் தப்தர் அந்த ஒரு சொல்லையும் எழுதுவதில்லை. ஜமாஅத்துகள் மனம் வைத்தால் அந்த வரியையும் கேட்டு எழுதலாம். வாங்கியதைத் திருப்பிய பின்னரே நிக்காஹ் என்று கூறலாம். அவ்வாறு செய்யும் மஹல்லாக்களும் உண்டு என்பதை நன்றியோடு நினைக்கிறோம். தெருநாடகம் செய்த வேலையும் அதுவே. ஒவ்வொரு வீட்டின் மறைபொருளை ஊரின் பொதுப்பொருளாக்கினால் பாதி அச்சம் அன்றே ஒழியும்.

இறுதித் தீர்ப்பு நாளில் உயிருடன் புதைக்கப்பட்ட பெண்மகவிடம் கேட்கப்படும் என்று இறைமறை அறிவிக்கிறது. எந்தக் குற்றத்துக்காக அவள் கொல்லப்பட்டாள் என்பதே அக்கேள்வி. கேட்கப்படுபவள் அவள், கொன்றவன் அல்லன். தொட்டில் அவளைப் பேச வைக்கவில்லை. திரையும் அவள் மருத்துவரான பின்னரே பேச வைத்தது. பேச்சறியாச் சிசுவாக இருந்தபோதே இழைக்கப்பட்ட அநீதிக்கு அவளையே சாட்சியாக்கி முதற்சொல்லை அவளுக்குத் தருவது அந்த நீதிமன்றம் ஒன்றே. அவள் வாய் திறக்கும்போது, தகப்பனின் பெயரை மட்டும் கூறி நிறுத்துவாள் என்று நாம் நம்பியிருக்கலாகாது. அவளுடைய தகப்பனை அஞ்சவைத்தவர்கள் யார் யார் என்றும் அவள் கூறக்கூடும். அப்பட்டியலில் நம் வீட்டுப் பெயர் இடம்பெறாதிருக்க வேண்டுமாயின், அதற்கான வேலை மஹ்ஷரில் இல்லை. அடுத்து நம் வீட்டில் நடக்கவிருக்கும் மணப்பேச்சில் இருக்கிறது.